பீலி முனைச் செய்திகள்

பீலி முனையில் மே மாதக் காலைகளில் யாரும் வணக்கம் சொல்லி நேரத்தைக் கழிப்பதில்லை. எதிரே வருகிறவரின் கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறதா, அது போதும். "என்ன கிடைத்தது?" என்று நேரே கேட்கலாம். அவர் பெயர் தெரிய வேண்டாம், ஊர் தெரிய வேண்டாம். அவரும் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்: என்ன பறவை, எந்த மரம், எவ்வளவு உயரம், எப்போது பார்த்தது, இன்னும் அங்கேயே இருக்கிறதா. சொல்லி முடித்ததும் உங்களிடமிருந்து தன் பங்கைக் கேட்பார். கொடுக்க ஏதாவது இருந்தால் கொடுப்பீர்கள். பிறகு அவரவர் வழி. ஸ்காபரோவில் ஒரே மின்தூக்கியில் பல வருடம் ஏறி இறங்கியும் பக்கத்து வீட்டுக்காரரோடு இவ்வளவு பேசியதில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், ஈரி ஏரிக்குள் கூர்மையாக இறங்கும் மணல் நிலம்தான் பாயின்ட் பீலி. கனடாப் பெருநிலம் அங்கே முடிகிறது. பனிநாடு என்று பேர்பெற்ற தேசத்தின் இந்த நுனி கிட்டத்தட்ட ரோம் நகரத்தின் அகலாங்கில் இருக்கிறது. அதன் மேற்குக் கரையோரத்தில் சப்பாத்திக்கள்ளி தானாக முளைத்து மஞ்சள் பூப் பூக்கும் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். 1918இல் இது தேசியப் பூங்காவானது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சுமார் 15 சதுர கிலோமீட்டர், அதிலும் பெரும்பகுதி சதுப்பு. ஆனால் 390க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

காரணம் ஏரி. வசந்தத்தில் வடக்கே போகும் சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கின்றன. காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், வல்லூறுகள் உறங்கும், பகல் முழுவதையும் தின்பதற்கு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஒஹாயோவிலோ அதற்கும் தெற்கேயோ அந்தியில் கிளம்புகிற பத்துக் கிராம் குருவிக்கு விடியும்போது கீழே தண்ணீர் மட்டும்தான் தெரிகிறது. முன்னால் எங்கே கரை நீண்டு வந்து கை கொடுக்கிறதோ அங்கே இறங்கும். அந்தக் கரை பீலி. இரவில் தெற்குக் காற்று வீசி, விடியும் முன் குளிர்காற்றும் மழையும் எதிரே வந்து மோதினால் பறவைகள் உயரம் இழந்து, கிடைத்த முதல் புதரில் விழுகின்றன. பறவைக்கு அது கஷ்ட காலம். பார்க்க வந்தவருக்கோ வருடம் முழுக்கக் காத்திருந்த நாள். இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆனால் மழை பெய்யட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ளாமலும் இருக்க முடிவதில்லை.

என்னை இந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டவர் ஓர் அண்ணை. மன்னார்க்காரர், ஓய்வுபெற்றவர். ஊரில் இருந்த காலத்தில் ஐப்பசி மழையோடு களப்புக்கு வந்து இறங்கும் தாராக்களையும் உள்ளான்களையும் பார்த்து வளர்ந்தவர். ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் தென்மேற்கே நான்கு மணி நேரம் ஓட வேண்டும். நம்மவர்கள் இந்தத் திசையில் வின்ட்சருக்குக் கலியாண வீட்டுக்குப் போவார்கள், எல்லை தாண்டி டெட்ராய்டுக்குப் போவார்கள். லெமிங்டனில் திரும்பி பீலிக்கு இறங்குபவர்கள் மிகக் குறைவு. நயாகராவைத் தாண்டி நமக்கு வேறு சுற்றுலா தெரியாது என்பது அண்ணையின் நீண்டகால மனக்குறை. இரவே போய்ச் சேர்ந்து ஒரு மலிவு விடுதியில் தூங்கினோம். அவர் தூங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக் காற்றின் திசை பார்த்தபடி இருந்தார்.

"தெற்குக் காத்து, தம்பி. விடிய மழை வந்தால் நாங்கள் ராசாக்கள்."

மழை வந்தது, கொஞ்சம்தான். பார்வையாளர் நிலையத்திலிருந்து முனைக்குச் சிறிய டிராம் வண்டி போகிறது. அதில் நசுங்கி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். எல்லோரும் பல பைகள் வைத்த மேல்சட்டை, எல்லோர் கையிலும் மூடியிட்ட கோப்பி. பேச்சு முழுக்கக் காற்றைப் பற்றியது. ராடர் திரையில் நேற்றிரவு எவ்வளவு அடர்த்தி தெரிந்தது என்றார் ஒருவர். வானிலைக்கென வைத்த ராடர்கள் மழைத்துளியைப் போலவே பறக்கும் பறவைக் கூட்டத்தையும் காட்டிவிடும். சூரியன் மறைந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் வட்டமாக ஒரு படலம் விரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இரவோடிரவாகக் காரை எடுத்திருந்தார்கள்.

முனை என்பது உண்மையில் வருடத்துக்கு வருடம் மாறும் மணல். ஏரி பொங்கினால் குறுகும், வற்றினால் நீளும். 2019இல் ஈரியின் நீர்மட்டம் வரலாறு காணாத அளவுக்கு ஏறியபோது கடைசி மணல்வால் தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கே காலையில் நடப்பது புதியவர்களைக் குழப்பும். வடக்கே போக வேண்டிய பறவைகள் முனையிலிருந்து தெற்கே, ஏரியை நோக்கித் திரும்பப் பறக்கும். ஓரியோல்கள், கருங்குருவிகள், மஞ்சள் வார்ப்ளர்கள் கூட்டம் கூட்டமாக நம் தலைக்கு மேலே வந்த வழியே போகும். இரவில் காற்று தள்ளிக்கொண்டு வந்ததைச் சரிசெய்கின்றன என்கிறார்கள் சிலர், இரை தேடிக் கரை மாறுகின்றன என்கிறார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும், மணலில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் போகிற ஒவ்வொன்றையும் குரல் கொடுத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வார்ப்ளர் என்றதும் நம்மூர்க் கதிர்க்குருவிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய வேறு குடும்பம், நிறத்தில் கதிர்க்குருவிகள் இவற்றின் கிட்டவும் வரா. தொண்டை தணலாக எரியும் பிளாக்பர்னியன், மஞ்சள் வயிற்றில் கறுப்புச் சரம் தொங்கும் மக்னோலியா, வேப்பங்காய் அளவு தலையில் கஷ்கொட்டை நிறம் பூசிய பே-பிரெஸ்டட். வழக்கமாக இவை மர உச்சியில் இலைக்குள் இருக்கும், கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். அன்று குளிரில் பூச்சிகள் எல்லாம் தரையோடு தங்கிவிட்டதால் பறவைகளும் கீழே இறங்கியிருந்தன. மூன்றடி உயரக் கொடியில் ஒரு பிளாக்பர்னியன் ஆண், எங்கள் முழங்காலருகே, கொசு போன்ற சின்னப் பூச்சிகளைப் பொறுக்கித் தின்றது. பைனாகுலரில் பார்க்க முடியாத கிட்டம். அண்ணை இரண்டடி பின்னால் போனார். அதற்கு நாங்கள் இருப்பது ஒரு பொருட்டே இல்லை. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சரிவிலிருந்து வந்த பசி அது.

பறவையை மற்றவருக்குக் காட்டுவது தனிக்கலை. 'அந்த மரம்' என்றால் காட்டில் எந்த மரம்? மரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு உச்சி பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று என்று மணி சொல்வது இங்கே வழக்கம். "ஹேக்பெரி, முதற் கவட்டிலிருந்து மேலே, இரண்டு மணி, உள்ளே, இடமாக நகர்கிறது" என்று ஓர் அம்மையார் மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல, ஏழெட்டுப் பைனாகுலர்கள் ஒன்றாகத் திரும்பின. சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு இங்கே தனி மரியாதை. நூறு பறவையைக் கண்டுவிட்டு வழி சொல்லத் தெரியாதவரைவிட, ஐந்தைக் கண்டு ஐந்தையும் பத்துப் பேருக்குக் காட்டியவரைத்தான் அடுத்த நாளும் தேடுவார்கள். ஒன்ராறியோ களப் பறவையியலாளர் சங்கத்தின் தன்னார்வலர்கள் மே மாதத்தில் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கூலி இல்லை. தாங்கள் பல தடவை கண்ட பறவையை, கண்டிராத ஒருவரின் முகத்தைப் பார்த்தபடி மறுபடியும் காண்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தாராளம் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1905 வாக்கில் இந்த முனைக்கு வந்த ஆய்வாளர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். பெர்சி டாவெர்னர், டபிள்யூ. ஈ. சாண்டர்ஸ் போன்றோர் அப்போது தொடங்கிய கிரேட் லேக்ஸ் பறவையியல் கழகத்தின் ஆட்கள் பீலியில் குடில் அடித்துத் தங்கி, வரவுபோக்கைக் குறிப்பெடுத்தார்கள். அந்தக் காலத்தில் அரிய பறவையைக் கண்டேன் என்றால் தோலைக் காட்டு என்பார்கள். சுட்டு, பஞ்சடைத்து, அட்டை கட்டி வைத்தால்தான் சான்று. இப்படி வந்தவர்கள்தான், இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றும் கேட்டார்கள். 1911இல் ஒட்டாவா அருங்காட்சியகத்தின் பறவையியலாளரான டாவெர்னரின் குரலும் சேர்ந்துதான் பூங்கா பிறந்தது. வாத்து வேட்டை மட்டும் 1989வரை பூங்காவுக்குள்ளேயே நடந்துவந்தது என்பது இன்னொரு கதை.

துப்பாக்கி கீழே விழுந்ததற்குப் பாதிக் காரணம் ஒரு புத்தகம். ஈரி ஏரிக்கு அப்பால், நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்த ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் ஒரு கள வழிகாட்டி வெளியிட்டார். தூரத்திலிருந்தே இனம் பிரிக்க எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்திலும் சிறு கோடு காட்டினார். முதற்பதிப்பின் 2,000 பிரதிகளும் சடுதியில் தீர்ந்தன. அதற்குப் பிறகு, கண்டேன் என்கிற வாய்ச்சொல்லே சான்றாகக்கூடிய ஓர் உலகம் உருவானது. சொல்லே சான்று என்றால் சொல்பவரின் நாணயம் எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது. இன்று பீலியில் நடக்கிற கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்த ஒரு முதலில்தான் ஓடுகிறது.

பூங்காவுக்கு வெளியே, பக்கத்து ஊரான கிங்ஸ்வில்லில், இதற்கும் முன்னால் ஒருவர் வேறு வழியில் இதே வேலையைச் செய்தார். ஜாக் மைனர் ஓட்டுச்சூளை வைத்திருந்தவர், பள்ளிப் படிப்பு இல்லாதவர். 1909 ஆகஸ்டில் ஒரு காட்டு வாத்தின் காலில், தன் தபால் பெட்டி முகவரியைக் கையால் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார். 1910 ஜனவரியில் தென் கரோலினாவின் ஆண்டர்சன் என்னும் ஊரில் அந்த வாத்தைச் சுட்டவர் கடிதம் போட்டார். பறவை எங்கே போகிறது என்ற கேள்விக்குத் தபாலில் வந்த பதில் அது. பிறகு மைனர் வளையங்களில் விவிலிய வசனங்களையும் பொறிக்கத் தொடங்கினார். ஆர்க்டிக்கில் வாத்துச் சுட்ட இன்யூயிட் வேடர்கள் வேதவாக்கோடு வந்த வளையங்களைக் கொண்டுபோய்ப் பாதிரிமாரிடம் கொடுத்தார்கள். மனிதர் காகங்களையும் வல்லூறுகளையும் மட்டும் மன்னிக்கவே இல்லை, கண்டபடி கொன்றார். நல்லவர்களுடைய பட்டியலிலும் வேண்டாதவர்கள் உண்டு.

பத்து மணியளவில் செய்தி வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்த எல்லோரும் சட்டென்று ஒரே பக்கம் திரும்பினார்கள். முதியவர் ஒருவர், நடைத்தடியை மறந்தவராக, ஓட்டமும் நடையுமாகப் போனார். "கேர்ட்லண்ட்" என்றார் எங்களைக் கடக்கும்போது. அதற்குமேல் விளக்கம் தரவில்லை, தேவையும் இல்லை.

கேர்ட்லண்ட் வார்ப்ளர் உலகத்திலேயே ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில், மிச்சிகனின் இளம் ஜாக் பைன் காடுகளில்தான் கூடு கட்டுகிறது. மரம் வளர்ந்து முதிர்ந்தால் விட்டுப் போய்விடும். காட்டுத்தீயை மனிதர் அடக்கியதால் இளங்காடு இல்லாமற்போய், 1974இல் எண்ணியபோது பாடுகிற ஆண்கள் 167. 1987இலும் அதே 167. பிறகு காட்டை வெட்டி, நட்டு, கூட்டில் கள்ளமாக முட்டையிடும் கவ்பேர்டுகளைப் பிடித்து, ஒரு தலைமுறை பாடுபட்டார்கள். 2019இல் அமெரிக்கா அதை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. பஹாமாத் தீவுகளிலிருந்து வீடு திரும்பும் வழியில், சில வசந்தங்களில், ஒன்று இரண்டு பீலியில் இறங்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அறுபது எழுபது பேர் நின்றார்கள். சத்தமில்லை. முன்வரிசை யாரும் சொல்லாமலே முழங்காலில் இருந்தது, இரண்டாம் வரிசை குனிந்தது, பின்னால் நின்றவர்கள் அதற்கு மேலால் பார்த்தார்கள். பார்த்து முடித்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு சிறுமியை யாரோ முன்னே தள்ளிவிட்டார்கள். சீடர் மரத்தடியில் ஒரு நீலச்சாம்பல் குருவி, மஞ்சள் மார்பு, வாலை இடைவிடாமல் மேலும் கீழும் ஆட்டியது. அவ்வளவுதான் காட்சி. அண்ணை பார்த்தார். அருகிலிருந்தவர், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அண்ணையின் தோளைத் தட்டி, "முதல் தடவையா?" என்றார். ஓம் என்று தலையசைத்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார், பறவையைத் தானே செய்து கொடுத்தவருக்கு உரிய பெருமையோடு.

முதலில் அதைக் கண்டது யார் என்று கேட்டேன். தனியாக வந்த ஒரு இளம்பெண். கண்டதும் முதலில் செய்த வேலை, பாதையில் வந்த இருவரை நிறுத்திக் காட்டியது. தனி ஒருவர் கண்டதை நம்ப மாட்டார்கள் என்ற பயம் ஒருபக்கம் இருக்கலாம். மாகாணத்துக்கே அரிய பறவை என்றால் எழுத்துமூல விவரணை கொடுக்க வேண்டும், அதற்கென்றே ஒரு பதிவுக்குழு உண்டு, உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள். தள்ளப்பட்டவர்களின் மனக்கசப்பு வருடக்கணக்கில் நீளும் என்று கேள்வி. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது பயமல்ல. ஒரு பெரிய பறவையைத் தனியே வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. இன்னொருவர் பார்க்கும்வரை அது பாதிதான் நடந்திருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் இல்லை. பார்வையாளர் நிலையத்தில் அன்றாடக் காட்சிகளை எழுதும் பலகை இருக்கிறது, இடம், நேரம் உட்பட. அதில் ஆந்தை உறங்கும் மரம் வராது. கூடு வராது. கனடாவில் அருகிவரும் புரோத்தனோட்டரி வார்ப்ளர், சதுப்புக் காட்டின் இருட்டில் மஞ்சள் விளக்கேற்றியது மாதிரி இருப்பது, பாதையிலிருந்து தெரிந்தால் சொல்வார்கள். அது எந்தப் பொந்துக்குள் நுழைகிறது என்று கண்டவர் வாயை மூடிக்கொள்வார். பறவைப் பதிவுகளைத் திரட்டும் 'ஈபேர்ட்' போன்ற தரவுத்தளமும் சில இனங்களின் இடத்தை மறைத்தே வெளியிடுகிறது. கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் களைத்த பறவையைக் கூப்பிடுபவரைக் கண்டால் இந்தச் சாந்தமான கூட்டம் சட்டென்று கடுமையாகிவிடும். எதைச் சொல்வது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் ஒருவர் எவ்வளவு காலமாக இதில் இருக்கிறார் என்பது தெரிகிறது.

பூங்காவின் விவரப் பலகைகளில் பறவை நிறைய, மனிதர் குறைவு. இந்த நிலம் கால்ட்வெல் முதற்குடியினரின் பூர்வீகம். 1920களில் அவர்கள் முனையிலிருந்து விரட்டப்பட்டார்கள், வீடுகளுக்குத் தீ வைத்ததை அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 2020இல்தான் லெமிங்டனுக்கு அருகே அவர்களுக்கென ஒரு ஒதுக்கு நிலம் சட்டப்படி கிடைத்தது. இதைக் கேட்டதும் அண்ணை வேறொன்றும் கேட்கவில்லை. மன்னாரில் அவர் வீடு இருந்த காணிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நானும் கேட்கவில்லை.

மத்தியானம் லெமிங்டனில் சாப்பாடு. தக்காளியின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். 1909இலிருந்து ஹைன்ஸ் கெட்சப் ஆலை இங்கே ஓடியது, 2014இல் அவர்கள் போய்விட்டார்கள். இப்போது எங்கு திரும்பினாலும் கண்ணாடிப் பசுமைக்குடில்கள். அவற்றில் வேலை செய்ய மெக்சிகோ, ஜமைக்கா, குவாத்தமாலாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமைக்காவோடு தொடங்கி 1974இல் மெக்சிகோவுக்கு விரிந்தது. ஆகவே இந்தச் சிற்றூரின் பிரதான வீதியில் அருமையான டாக்கோ கிடைக்கும். பக்கத்து மேசையில் இருந்த மெக்சிகோக்காரத் தொழிலாளி எங்கள் பைனாகுலரைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். காலையில் எடுத்த போல்ட்டிமோர் ஓரியோலின் படத்தை அண்ணை காட்டினார். செம்மஞ்சள் உடல், கறுத்த தலை. அவர் சிரித்தார். தன் ஊர் சியாபாஸ் என்றும், குளிர்காலத்தில் காப்பித் தோட்டத்தில் நிழல்மரங்களில் இது நிறைய என்றும், 'கலாந்திரியா' என்போம் என்றும் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். இங்கே அது வருவது அவருக்குத் தெரியாது. வேலை நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே பார்க்க முடிவதில்லையாம். பலகையில் எழுதப்படாத, ஆனால் எழுதியிருக்க வேண்டிய தகவல் என்று எனக்குப் பட்டது. பறவையின் ஆறு மாதத்தைச் சொல்லத் தெரிந்தவர் அவர், மற்ற ஆறு மாதத்தைக் கண்டவர்கள் நாங்கள். டாக்கோவுக்குக் காசு கொடுக்க விடவில்லை அவர்.

பிற்பகல் ஹில்மன் சதுப்புக்குப் போனோம். லெமிங்டனுக்குக் கிழக்கே, கரைபறவைகளுக்காக நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் ஒரு பாத்தி. காட்டுப் பறவைக்காரர்களுக்கும் சேற்றுப் பறவைக்காரர்களுக்கும் சுபாவத்திலேயே வித்தியாசம் உண்டு. முன்னவர் பரபரப்பானவர். பின்னவர் முக்காலியில் பெரிய தொலைநோக்கியை நிறுத்திவிட்டு, தூரத்துச் சேற்றில் அசையும் பழுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வடிகட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அண்ணைக்கு உண்டு, அது களப்புக்கரையில் வந்த பொறுமை. தன் தொலைநோக்கியை எங்களுக்கு விட்டுக்கொடுத்த ஒருவர், "நடுவில், கட்டைக்கு இடப்பக்கம்" என்றார்.

அண்ணை பார்த்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது.

"தம்பி, இது எங்கட கல்திருப்பி."

கல்திருப்பி உள்ளான். குளிர்காலத்தில் மன்னாரின் கரைகளிலும் வங்காலைப் பக்கமும் கற்களையும் பாசியையும் அலகால் புரட்டித் திரியும் அதே இனம். அங்கே நாம் காண்பது மங்கிய பழுப்பு. இங்கே முதுகு செம்பு, முகத்தில் கறுப்பும் வெள்ளையும் வரிந்த கோலம், காலெல்லாம் செம்மஞ்சள். இந்த நிறத்தோடு அவர் அதைக் கண்டதேயில்லை. மன்னாரில் நிறம் ஏறத் தொடங்கும் சித்திரையில் அவை எழும்பிப் போய்விடும். நிறம் முழுக்க வந்த பறவை எந்தத் துருவக் கரையில் நிற்கும் என்பது களப்பு மனிதனுக்குத் தெரிவதில்லை. இது மன்னார்ப் பறவையே அல்ல என்பது அவருக்கும் தெரியும். அமெரிக்கக் கரைகளில் குளிர்காலம் கழித்து கனடிய ஆர்க்டிக்குக்குப் போகும் கூட்டம் இது, மன்னாருக்கு வருவது ஆசியாவின் வடகோடியிலிருந்து. இனம் ஒன்று, வழி வேறு. ஆனாலும் அவர் 'எங்கட' என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. பின்னால் நின்றவர் அவருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க, நான் சொன்னேன். அந்தச் செய்தி வரிசையில் பின்னோக்கிப் போனது. இலங்கையில் இந்தப் பறவையைச் சிறுவயதில் பார்த்தவராம் என்று கடைசி ஆள்வரை சேர்ந்தபோது, மூன்றுபேர் அவரிடம் வந்து மன்னாரைப் பற்றி விசாரித்தார்கள். மன்னாரில் கருவி மாட்டிய கடற்காகங்கள் ருசியாவின் யமால் தீபகற்பம்வரை போனதை அவர் அபிநயத்தோடு விளக்கினார். அன்று பீலி வட்டாரத்தில் அதிகம் விசாரிக்கப்பட்ட மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இங்கே வயதானவர்கள் 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கினால் முதியவரின் வழக்கமான புலம்பல் என்று தள்ள முடியாது. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. நாலில் ஒரு பங்குக்கும் மேல். அந்தக் கணக்கில் ஒரு பகுதி இப்படிப்பட்ட ஆட்கள் வருடாவருடம் எண்ணி எழுதி வைத்த ஏடுகளிலிருந்து வந்தது.

இருட்டிய பிறகு திரும்பினோம். லெமிங்டனுக்கு மேலே வானம் மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. நகர வெளிச்சம் அல்ல, பசுமைக்குடில்களின் வளர்விளக்குகள். திரைச்சீலை மூட வேண்டும் என்று லெமிங்டனும் கிங்ஸ்வில்லும் விதி போட்டிருக்கின்றன. மூடாத இடைவெளிகளால் கசிவதே மேகத்தில் இவ்வளவு தெரிகிறது. இரவில் நட்சத்திரம் பார்த்து வழி பிடிக்கிற பறவைக்கு இது என்ன செய்யும் என்பதை ரொறன்ரோ நகர மையத்தில் விடியலில் போனால் காணலாம். ஒளியில் மயங்கி இறங்கிய பறவைகள் கண்ணாடிக் கோபுரங்களில் மோதி நடைபாதையில் கிடக்கும். 1993இலிருந்து 'ஃபிளாப்' அமைப்பின் தன்னார்வலர்கள் அலுவலகம் திறக்கும் முன், பெருக்குபவர் வரும் முன், அவற்றைப் பொறுக்குகிறார்கள். உயிர் உள்ளதைக் காகிதப் பையில் வைத்துப் பராமரிப்புக்கு அனுப்புகிறார்கள், இல்லாததை இடம், நேரம், இனம் குறித்து எடுத்துவைக்கிறார்கள். சேர்ந்ததை ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் நிறம் நிறமாகத் தரையில் விரித்துக் காட்டுவார்கள். காலையில் முழங்காலருகே கண்ட அதே பிளாக்பர்னியன், அதே மக்னோலியா. இதுவும் வசந்தகாலக் காட்சிப் பட்டியல்தான். இதை எழுதுகிறவர்கள் யாரும் சந்தோஷமாக எழுதுவதில்லை.

அண்ணை தன் தொடர்மாடி வீட்டுப் பலகணிக் கதவுக்கு ஒட்டுவதற்காகப் புள்ளி நாடா வாங்கி வைத்திருந்தார். ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வீதம் கண்ணாடி முழுக்க ஒட்டினால் பறவை அதை வெளி என்று நினைக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உதவிக்குப் போனேன். பாதிக் கதவு முடிந்தபோது வீட்டுக்கார அக்கா தேத்தண்ணியோடு வந்து பார்த்தார்.

"கதவுக்கு அம்மாள் வருத்தம் வந்த மாதிரிக் கிடக்கு. உள்பக்கம் ஒட்டியிருக்கலாமே, துடைக்கவாவது லேசு."

"வெளியாலதான் ஒட்டோணும். உள்பக்கம் ஒட்டினால் வானம்தான் அதுக்குத் தெரியும்" என்றார் அண்ணை, அளவுகோலை என்னிடம் நீட்டியபடி. "தம்பி, நீர் அந்தக் கீழ் மூலையைப் பாரும். அளவு தவறப்படாது."